ஊசி முனையும் ஒரு காலி வரியும்

பெருமாநல்லூரில் குழந்தைகளுக்கான பனியன் தைக்கும் கம்பெனி ஒன்றில் அப்போது நான்தான் கம்ப்யூட்டர் ஆள். லினக்ஸில் நாலு கட்டளை தெரிந்ததற்கே தலைகால் புரியாமல் திரிந்த வயசு.

ஒரு நாள் காலை, தெற்கேயிருந்து வேலைக்கு வந்திருந்த டெய்லர் அக்கா ஒருவர் மேனேஜர் முன்னால் வந்து நின்றார்.

"நேத்து மத்தியானம் ஊசி ஒடஞ்சிட்டு சார். முனை மட்டும் கிடைக்கல. அவசரத்துல அப்பம் சொல்லல. பச்சப்புள்ள போடுத துணி, மனசு கேக்கல."

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அது அங்கே சட்டம். துணிக்குள் ஊசி இருந்தால் கத்திக் காட்டும் மெஷினோ முந்தின நாள் முழுக்க ரிப்பேர்; அன்று காலைதான் சரியாகியிருந்தது. துணியெல்லாம் அறுநூறு பெட்டிக்குள் போய்விட்டது. மதியம் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும்.

"அத்தனை பொட்டியும் பிரிச்சா கப்பல் போயிருமுங்க. அப்பறம் இந்தப் பொண்ணுக்கு இங்க வேலை இல்லீங்க" என்றார் மேனேஜர் என்னிடம்.

எனக்குக் குஷி தாங்கவில்லை. இப்போது சொல்ல வெட்கம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உண்டு. உள்ளே இருக்கும் பண்டில்களின், அதாவது துணிக்கட்டுகளின், எண்கள் எல்லாம் அதில் இருக்கும். ஊசி உடைந்த நேரத்திலிருந்து அக்கா தைத்த ஒன்பது பண்டிலின் எண்களை வரிக்கு ஒன்றாகத் தனி ஃபைலில் அடித்தேன். அந்தப் பட்டியலை கிரெப் கட்டளையிடம் கொடுத்தால் ஒன்பதையும் ஒரே ஓட்டத்தில் அறுநூறு ஃபைலிலும் தேடிவிடும். "ரெண்டே நிமிஷங்க" என்று மார்தட்டிக்கொண்டு எண்டரைத் தட்டினேன்.

திரையில் அறுநூறு பெட்டியும் வந்தது.

"இதுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டரு?" என்றார் மேனேஜர். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பட்டியலைத் திறந்து பார்த்தால் கடைசியில் ஒரு காலி வரி! எங்கள் ஆபீஸில் எந்தப் பட்டியலின் கீழும் கையெழுத்துக்கு ஒரு வரி விடுவது வழக்கம். பாழாய்ப்போன கை, தானாக விட்டிருக்கிறது. கிரெப்புக்குக் காலி வரி என்றால் எது இருந்தாலும் சரி, எல்லா ஃபைலையும் எடுத்து நீட்டிவிடும். அதை அழித்துவிட்டு மறுபடி தட்டினேன்.

ஏழே பெட்டி! நாற்காலியைத் தள்ளிவிட்டு குடோனுக்கு ஓடினேன். அக்கா எனக்கு முன்னால் ஓடினார். நாலாவது பெட்டித் துணியை விட்டதும் மெஷின் கத்தியது. ஒரு கழுத்துப் பட்டியின் மடிப்புக்குள் முனை இருந்தது. நான் விசிலே அடித்துவிட்டேன்.

லாரி நேரத்துக்குக் கிளம்பியது. மேனேஜர் முனையை நோட்டில் ஒட்டி, கீழே காலியாக இருந்த வரியைக் காட்டினார்.

"கையெழுத்துப் போட்டுட்டு உங்க மிசினுக்குப் போங்க கண்ணு."

அக்கா பெரிதாகப் போட்ட கையெழுத்து அடுத்த வரிக்கும் போய்விட்டது.