இன்ஜின் மேல் நின்ற காசு

ஜெர்மனியின் அடனாவ் ஊர்த் தபால்காரர் லோதாருக்குக் கடவுளைப் பற்றிக்கூட ஒன்றிரண்டு சந்தேகங்கள் இருந்தன. தன் காரின் ஆறு சிலிண்டர் இன்ஜினைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. எந்த மெக்கானிக்கின் கையும் அதன் வயிற்றுக்குள் போனதில்லை. கல்யாணத்தன்று இன்ஜின் பக்குவமாகச் சூடாகட்டும் என்று அவர் கோயில் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததால் பாதிரியார் தூங்கிவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் மனைவி மார்லீஸ் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

ஊருக்குப் பின்னாலேயே ரேஸ் பாதை. அந்த ஊரில் பிறந்த குழந்தை அழுதால் பாட்டன்மார் காதைச் சாய்த்து எத்தனை சிலிண்டர் என்று கணிப்பார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்ச் சாப்பாட்டு விடுதியின் ஜன்னலோர மேஜையில் லோதார், கூரை வேயும் ஊவே, ஓய்வுபெற்ற வாத்தியார் டீட்டர் மூவரும் உட்கார்ந்தால் சண்டைதான்.

"நானூறு குதிரை பவர் இல்லாதத வண்டின்னு சொல்லாத லோதார். உன் கிழவி வண்டி மேடு ஏறுறதுக்குள்ள நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டுருவேன்" என்பார் ஊவே.

"போடு. ஒர்க்‌ஷாப் பெஞ்சுலதான போடுவ? உன் வண்டி பாதி நாள் அங்கதான கெடக்கு."

"ரெண்டு பேரும் வாய மூடுங்கடா" என்பார் டீட்டர். "ஒருத்தன் டயருக்கு ஒழைக்கிறான், ஒருத்தன் பெட்ரோலுக்கு ஒழைக்கிறான். என் டீசல் மோந்து பாத்தே முன்னூறு கிலோமீட்டர் போகும்."

"போகும்டா. பின்னால வர்றவன்தான் செத்துப்போவான்" என்பார் லோதார்.

ஊவேயின் வண்டியும் அதே ஆறு சிலிண்டர் இன்ஜின்தான், கூடுதல் வலு ஏற்றியது. அந்த இன்ஜினின் அடிவயிற்று பேரிங்குகள் தேய்ந்தால் எல்லாம் போச்சு என்பது காரைக் காதலிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தேயும் முன்பே மாற்றிவிட ஊவே ஒர்க்‌ஷாப்பில் நாள் குறித்திருந்தார்.

"பயந்தாங்கொள்ளி! தெறக்காத இன்ஜின் கெடாது. தெறந்து பாக்குறது மெக்கானிக்கோட ஆசைடா" என்று லோதார் அவரை ஓட்டிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து வருஷமாக அவர் சொல்லிவந்த மந்திரம் அது.

அந்த மந்திரத்துக்கு ஒரு நிரூபணமும் உண்டு. பனி உருகச் சாலையில் உப்புத் தூவுமுன், வண்டிகளைப் போர்த்திக் குளிர்காலத்துக்கு உறங்கவைக்கும் முன், ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு ஞாயிறு லோதார் விடுதி முற்றத்தில் பானெட்டைத் தூக்குவார். ஓடுகிற இன்ஜின் மேல் ஒரு யூரோ காசை விளிம்பில் நிறுத்துவார். காசு தூண் மாதிரி நிற்கும். இன்ஜினில் அதிர்வே இல்லை என்று கூட்டம் கை தட்டும்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் காட்டு மேட்டில் ஏறும்போது அந்தச் சத்தம் வந்தது. லேசாக, உள்ளிருந்து, டக் டக் என்று. அதுவரை காரில் ரேடியோவைத் தொடாத லோதார் ரேடியோவைப் போட்டார்.

"என்ன சத்தம் அது?" என்றாள் மார்லீஸ்.

"ரேடியோ."

"ரேடியோவுக்குள்ள யாரு கதவத் தட்டுறா?"

அவர் ரேடியோவை இன்னும் கூட்டினார்.

"தெறந்து பாரு லோதார். இப்பவே பேரிங்க மாத்திட்டா இன்ஜின் பொழச்சுக்கும். நீதான மத்தவங்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்ற?"

"தெறந்தா, அந்த மேஜைல நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒக்கார்றது?"

"அப்ப உனக்கு இன்ஜின் வேணுமா, மேஜை வேணுமா?"

மறுநாள் லோதார் இன்ஜின் ஆயிலை வடித்துவிட்டு, கடையில் கிடைத்ததிலேயே கெட்டியானதை ஊற்றினார். தேன் மாதிரி இறங்கியது. சத்தம் அடங்கியது. குளிரில் கெட்டி ஆயில் பேரிங்குக்குப் போய்ச் சேராது, வறண்டே சாகும் என்று எத்தனை இளவட்டங்களை அவரே திட்டியிருக்கிறார்! தெரிந்தேதான் ஊற்றினார்.

அந்த ஞாயிறு காசு நின்றது. நின்ற நேரத்தில் டீட்டர் ஒரு சுருட்டையே பிடித்து முடித்தார். ஊவே குனிந்து அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லோரும் உள்ளே போய்ப் பன்றிக்கறி சாப்பிட்டார்கள். வெளியே உறைபனி, இன்ஜின் கல்லாகக் குளிர்ந்தது. லோதார் வீட்டுக்குக் கிளம்பி மேட்டின் உச்சியைத் தொடுமுன், அடியில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. வந்த வேகத்திலேயே உச்சியைத் தாண்டிய வண்டி மறுபக்கச் சரிவில் சத்தமில்லாமல் உருண்டு அவர் வீட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றது. யாருக்கும் கேட்கவில்லை. பின்னால் தரையெல்லாம் ஆயில் கோடு. லோதார் முழங்காலிட்டுப் பார்த்தார். இன்ஜினின் பக்கவாட்டில் கைமுட்டி நுழைகிற ஓட்டை. போர்வையை எடுத்து மூடினார்.

அடுத்த ஞாயிறு நடந்தே விடுதிக்குப் போனார்.

"கிழவி எங்கடா?"

"தூங்கவச்சுட்டேன். ஏப்ரல்லதான் இனிமே."

ஊவே நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "லோதார், இத்தன வருஷமா உன்னக் கிண்டல் பண்ணிட்டேன். அந்தக் காசு நின்னத என் கண்ணால பாத்தேன்ல? நேத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு, பேரிங் வேல வேணாம்னு சொல்லிட்டேன்."

"அப்பாடா, பாதி கூரை வேஞ்ச காசு மிச்சம்!" என்றார் டீட்டர்.

லோதார் வாயைத் திறந்தார். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டால் ஊவேயின் இன்ஜினாவது பிழைக்கும். மேஜையைச் சுற்றி எல்லா முகங்களும் அவரையே, அத்தனை மரியாதையோடு, பார்த்துக்கொண்டிருந்தன.

"நல்லது பண்ணுன" என்றார்.

ஊவே முற்றத்தில் வண்டியை எடுத்தபோது லோதார் வாசற்படியில் நின்றார். நானூறு குதிரைகளின் உறுமல். அதற்கடியில் லேசாக, உள்ளிருந்து, டக் டக் என்று. கேட்டுப் பழகிய காதுக்கு மட்டும் கேட்கிற அளவு. ஊவே சந்தோஷமாகக் கையை ஆட்டினார். லோதாரும் ஆட்டினார்.

வீட்டில் மார்லீஸ் சூப்பை மேஜையில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்ஜின் போனத சொன்னியா?"

லோதார் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வெகு தூரத்தில், மேட்டுப் பாதையில், ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"ரேடியோவப் போடு" என்றார்.