மாப்பிள்ளைத் தவளை

ஒரு சாயங்காலம் ஏசி மெக்கானிக் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, அவர் கையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு பச்சைத் தவளை. யாரோ வீட்டைக் காலி செய்தபோது வேண்டாமென்று விட்டுப் போனதாம். பியூட்டி பார்லர் நடத்தும் அவர் மனைவி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ரெண்டு பேரும் இருங்களேன். நான் என்ன வேணாம்னா சொன்னேன்?" என்று அவர் நைசாக உள்ளே நுழைந்துவிட்டார்.

இடத்தை விட்டு அசையாமல் சாப்பாட்டை மட்டும் எதிர்பார்த்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். கடையில் உயிருள்ள சில்வண்டுகளைப் பெட்டியோடு வாங்கிவந்து தொட்டிக்குள் விடுவார். மாப்பிள்ளை ஆவென்று வாயைப் பிளந்து பாய்வான். வண்டு ஒரு பக்கம் போகும், இவன் இன்னொரு பக்கம் போய்க் கண்ணாடியில் முட்டிக்கொள்வான். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தான். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத்தான் விஷயம் பிடிபட்டது. பகலெல்லாம் அடுத்தவர் முகத்தை உற்றுப் பார்க்கிறவள் அல்லவா?

"ஏங்க, இடது கண்ணு பால் மாதிரி வெளுத்திருக்கு பாருங்க. பாவம், குறி தெரியாம திண்டாடுறான்."

அது இது என்றிருந்தவள் வாயில் முதல்முறையாக 'றான்' வந்தது. புருவம் எடுக்கும் பழைய இடுக்கியில் ஒரு வண்டைப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நல்ல கண் இருந்த பக்கமாக நீட்டினாள். லபக்! அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மறுநாளும் அவள்தான் ஊட்டினாள். வண்டுகளுக்குக் கால்சியம் பவுடர் தடவிக் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதையும் பார்லர் பிரஷ்ஷால் பதமாகப் பூசினாள்.

"சாகப்போற வண்டுக்கு எதுக்கும்மா மேக்கப்?" என்றார் மெக்கானிக்.

"என் கைக்கு வந்தவங்க மேக்கப் இல்லாம போனதா சரித்திரமே இல்ல."

ஒருநாள் வண்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே பார்லருக்கு வந்து மேசையடியில் வைத்தாள். வாடிக்கையாக வரும் பல் டாக்டரம்மா முகத்தில் பூச்சோடும் கண்ணில் பஞ்சோடும் சாய்ந்திருந்த நேரம் பார்த்து, பெட்டிக்குள்ளிருந்த ஒரு வண்டு கிரீச்சிட ஆரம்பித்தது. இவள் பெட்டியைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

"நல்லா இருக்கே இந்த சவுண்டு! காலைலேர்ந்து மிஷின் சத்தம் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. கொஞ்சம் கூட்டி வைங்களேன்."

டாக்டரம்மா ஏதோ ரெக்கார்டு என்று நினைத்துவிட்டார். எப்படிக் கூட்டுவது? பெட்டியைத் தூக்கி டாக்டர் தலைமாட்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா குறட்டை விட்டார். அதன்பிறகு வரும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைப் போடச் சொல்வார். இவளும் மறக்காமல் பெட்டியைச் சுமந்து வந்தாள். ஒருநாள் மூடி சரியாக விழவில்லை. ஒரு வண்டு எகிறி டாக்டர் மடியில் குதித்தது. டாக்டரம்மா நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

இனி இவர் இந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டே, அவள் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா மெதுவாக இறங்கினார்.

"ஒரே கண்ணுதானா? அடப் பாவமே! ஊட்டுறப்போ நான் ஒருதடவை பாக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். பார்த்ததோடு நிற்கவில்லை, இடுக்கியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் ஊரார் வாய்க்குள் விடுகிற கை அல்லவா, அந்தப் பழக்கத்தில் இடுக்கியைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டிவிட்டது. மாப்பிள்ளை வண்டோடு சேர்த்து இடுக்கியையும் கவ்விக்கொண்டான்.

"ஐயோ, விடமாட்டேங்கறானே! என்ன செய்ய?"

"நீங்க தினம் சொல்றதுதான் டாக்டர்," என்றாள் அவள், மாப்பிள்ளையின் தாடையை விரலால் மெல்லத் தடவிக்கொண்டே. "பெருசா ஆ காட்டச் சொல்லுங்க."