வளையக் கம்பத்தில் அரை அடி

தென்காசியில் பெண்கள் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து மைதானத்தில் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பங்கள் நிற்கின்றன. மேலேயும் கீழேயும் நீல வர்ணம். நடுவில் அரை அடிக்கு மட்டும் செங்காவி நிறத்தில் பிரைமர் அடித்து விட்ட இரும்பு, இரண்டு முனையிலும் வெல்டிங் தழும்போடு இருக்கும். போன வாரம் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, இந்த வருஷம் சேர்ந்த பிள்ளை ஒருத்தி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "இத மட்டும் ஏன் தாத்தா பெயிண்ட் அடிக்காம விட்டிருக்கு?" என்று கேட்டாள். "பெயிண்டர் மறந்துட்டாம்மா" என்றேன். பொய். பெயிண்டர் நாலு தடவை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு தடவையும் அவனைத் திருப்பி அனுப்பியவன் நான்தான்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன். பதினோரு வயதில் சிமெண்ட் சட்டி தூக்கப் போனேன். சித்தாள், கொத்தனார், மேஸ்திரி, காண்ட்ராக்டர் என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். யாரும் கை கொடுத்து ஏற்றிவிடவில்லை. ஆலங்குளத்திலிருந்து செங்கோட்டை வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால், நான் கட்டிய கட்டிடம் ஒன்று கண்ணில் படாமல் ஐந்து நிமிஷம் கழியாது. தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே சுவர் நேராக நிற்கிறதா என்று என் கண் சொல்லிவிடும். படித்த இன்ஜினியர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உழைத்து வந்தவன் அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வான்? அந்தக் கல்லூரி மைதானமும் நான் போட்டுக்கொடுத்ததுதான். ஓரத்தில் கல்வெட்டில் என் பேர் இருக்கிறது. அதனால் கல்லூரியின் விளையாட்டுக் கமிட்டியில் எனக்கும் ஒரு நாற்காலி.

அந்தக் கமிட்டியில் என்னை எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் விளையாட்டு டீச்சர். கடையநல்லூர்க்காரர். ஐந்தடிக்கும் குறைவு. தலையில் முக்காடு, கழுத்தில் கறுப்பு நூலில் விசில், காலில் எந்நேரமும் வெள்ளை ஷூ. தூரத்திலிருந்து பார்த்தால் அவரே ஒரு மாணவி மாதிரி இருப்பார். ஆனால் விசில் ஒரு தடவை கேட்டால் மைதானத்தில் மட்டுமில்லை, பக்கத்துக் கேன்டீனில் டீ ஆற்றுகிறவரும் கையை நிறுத்திவிடுவார். ஆறு வருஷமாக அணியை உயிரைக் கொடுத்துப் பழக்கினார். போட்டிகள் வருவது மழைக்காலத்தில்; இங்கே மைதானம் வழுக்கும் என்று எல்லாம் வெளியூரில்தான் நடக்கும். இங்கே பழகும்போது பந்துக்குப் பந்து கூடையில் விழும். வெளியூர் போனால் தோற்றுத் திரும்புவார்கள். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உயரமான ஆள் இல்லாததுதான் காரணம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அப்படி நினைத்துக்கொண்டிருந்த ஆனி மாதத்தில்தான் குற்றாலத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சாரல் தொடங்கியிருந்தது. மெயின் அருவிக்குப் போகும் வழியில் ஒரு பழக்கடை. நேந்திரன் வாழைத் தாரை மற்றக் கடைக்காரர்கள் கொக்கிக் கம்பால் தூக்கித்தான் உத்தரத்தில் மாட்டுவார்கள். இவள் தாரை ஒற்றைக் கையால் தூக்கி, குதிகாலைக்கூடத் தூக்காமல், சட்டையை ஆணியில் மாட்டுவது மாதிரி மாட்டினாள். ஆறடி. என் கண் ஒரு அங்குலம்கூடத் தப்பாது. குளிக்க வந்த மதுரைக்காரப் பையன் ஒருவன், "என்னக்கா, மேல மழை பெய்யுதா?" என்று கேட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எனக்கு நனைஞ்சாச்சு. உங்களுக்கு வந்து சேர இன்னும் செத்த நேரம் ஆவும்" என்றாள். எனக்குப் பிடித்துப்போயிற்று.

கடை அவளுடைய அப்பாவுடையது. ஊர் பண்பொழி. பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மேலே படிக்க ஆசை, படிக்க வைக்க அவருக்கு வழியில்லை. "இவளுக்கு மாப்பிள்ளை பாக்கணும்னா நான் ஏணி வச்சுல்லா பாக்கணும் அண்ணாச்சி" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என் மச்சினன் வீட்ல கேட்டிருக்காவ. திங்கக்கிழமை பூ வைக்க வாராவ. ஆவணில கல்யாணம்" என்றார். பெண் மங்குஸ்தான் பழங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு பழம் கையிலிருந்து உருண்டு ரோட்டுக்குப் போயிற்று. அதை அவள் எடுக்கப் போகவில்லை. கல்லூரியில் விளையாட்டுக்கென்று ஒரே ஒரு இடம் இருக்கிறது, படிப்பும் விடுதியும் கல்லூரி பொறுப்பு என்று சொன்னேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, திங்கள்கிழமைக்குள் இடம் உறுதியானால் படிக்கட்டும், இல்லையென்றால் பூ வைக்கட்டும் என்றார். வாங்கித் தருவது என் பொறுப்பு என்று நெஞ்சைத் தட்டிவிட்டு வந்தேன். நான் தட்டியது எதுவும் வீண் போனதில்லை.

கமிட்டியில் சொன்னதும் டீச்சர் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். அந்த இடத்துக்கு வெளியூரில் பள்ளி அணிக்கு ஆடிப் பழகிய ஒரு பெண்ணை அவர் பார்த்து வைத்திருந்தார். "முன்ன ஒரு தடவ உயரத்த நம்பி ஒருத்திய எடுத்தேன் அண்ணாச்சி. பந்து வந்தா கண்ண மூடிக்கிடுவா. நீங்க தூணுக்கு ஆள் பாக்குதிய. எனக்கு ஆடுததுக்கு ஆள் வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. "நான் போட்ட தளம் டீச்சர். அதுல யாரு ஆடணும்னு சொல்ல எனக்குப் பாத்தியத இல்லையா?"

"தளம் உங்களுது. ஆட்டம் எங்களுது" என்றார்.

விடுவேனா? வளையத்தைத் தொட்டுக் காட்டினால் எடுப்பீர்களா என்று கேட்டேன். அணியில் ஒருத்திகூட வளையத்தைத் தொட்டதில்லை. டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்தடி அண்ணாச்சி. பழக்கமே இல்லாத பிள்ளை பத்தடில கை வச்சிட்டா, அங்கனயே நானே கையெழுத்துப் போடுதேன்." சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று.

அன்றைக்குத் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. அப்பா கடையைச் சாத்திவிட்டு அவளைக் கூட்டி வந்தார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள், நாலு எட்டு ஓடி வந்து எழும்பினாள். உள்ளங்கை வளையத்தில் சப்பென்று பட்டது. வளையம் ஆடி, அதில் தொங்கிய தண்ணீர் எல்லாம் அவள் முகத்தில் கொட்டியது. நான் கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவரையும் திரும்பிப் பார்த்தேன். பார்க்க வேண்டாமா? டீச்சர் பேச்சு மாறாதவர். பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, முழங்காலில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பெண் வளையத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "டீச்சர், இது தாழ இருக்கு" என்றாள்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. "எங்க பள்ளிக்கூடத்து வளையத்தத் தொடணும்னு ரெண்டு வருசமா சாடிச் சாடிப் பாத்திருக்கேன். எப்பவும் நாலு விரக்கடை குறையும். இங்கன உள்ளங்கையே படுது."

"ஏட்டி, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நான் நட்ட கம்பம் தாழ்ந்து நிற்குமா? "உங்க பள்ளிக்கூடத்துலதான் எவனோ ஏத்தி நட்டிருப்பான்" என்றேன்.

"இருக்கும் அண்ணாச்சி. அளந்து பாத்துட்டா தெரிஞ்சிரும்லா. சரியா இருந்தா நான் சொன்னது தப்பு."

டேப் இல்லாமல் நான் வீட்டை விட்டு இறங்குவதில்லை. ஏணி கொண்டுவரச் சொல்லி நானே ஏறினேன். ஒன்பதரை அடி. திரும்ப அளந்தேன். எதிர்ப்பக்கம் போய் அந்த வளையத்தையும் அளந்தேன். ஒன்பதரை. டேப்பில் கோளாறு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த டேப்பை வைத்துத்தான் நான் பத்து வருஷமாக வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். டேப் தப்பென்றால் தென்காசியில் பாதி வீடு தப்பு.

ஏணியில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. கம்பத்தை நான் பத்தடிக்குத்தான் நட்டேன். அந்த வருஷச் சாரலில் தளத்தில் தண்ணீர் தேங்கிற்று. நான் போட்ட தளத்தில் தண்ணீர் நிற்பதா என்று மானப் பிரச்சினையாகிவிட்டது. யாரும் கேட்காமலே, தண்ணீர் ஓரத்துக்கு ஓட வாட்டம் கொடுத்து, பழைய தளத்தின் மேலேயே அரை அடிக் கனத்துக்கு இன்னொரு கான்கிரீட் போட்டேன். இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று ஊரே பேசியது. தரை அரை அடி ஏறினால் வளையம் அரை அடி இறங்கும். சட்டி தூக்குகிற பையனுக்குத் தெரியும் இந்தக் கணக்கு. நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை. தண்ணீர் ஓடுகிற அழகைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்து சொன்னேன். டீச்சர் என்னைத் திட்டவில்லை. ஈரத் தளத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வெளியூர் போனா நம்ம பிள்ளைய போடுத பந்து எல்லாம் வளையத்துல முட்டித் திரும்பும் அண்ணாச்சி. கை தளந்து போச்சு, சோறு திங்கலியான்னு கேப்பேன். மைதானத்தச் சுத்தி ஓட விடுவேன். ஆறு வருசமா நான் பிள்ளையளத்தான் திட்டிருக்கேன்." பிறகு பேனாவை மூடினார். விண்ணப்பத்தையும் மடித்துப் பையில் வைத்தார். "வளையம் சரியாவட்டும். பொறவு பேசுவோம்."

திங்கள்கிழமை பூ வைக்க வருகிறார்கள். இருப்பது ஒரு நாள். அதற்குள் முடித்தே தீருவது என்று நின்றேன். வெல்டிங்காரரைக் கையோடு கூட்டி வந்தேன். சாரல் நின்றால் வேலை செய்யலாம் என்றார். சாரல் ஆவணியில்தான் நிற்கும் என்று சொல்லி, நாலு மூங்கில் நட்டுத் தார்ப்பாயைக் கட்டினேன். கம்பத்தை அறுத்து, அரை அடித் துண்டை நடுவில் வைத்துப் பற்ற வைத்தோம். என் தலையும் சட்டையும் நனைந்து ஒட்டிக்கொண்டன. குடை பிடிக்க வந்தவனைத் தார்ப்பாயைப் பிடிக்கச் சொன்னேன். சனிக்கிழமை வெளிச்சம் போவதற்குள் இரண்டு கம்பமும் பத்தடியில் நின்றன. நான் அளந்ததோடு விடாமல் டீச்சரையும் ஏணியில் ஏற்றி அளக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழும்பினாள். நாலு விரற்கடை குறைந்தது. திரும்ப ஓடி வந்தாள். நாலு விரற்கடை. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு, "வாட்டி, போவோம்" என்றார். பந்தயம் வைத்தவன் நான். கையிலிருந்த டேப்பை இழுப்பதும் விடுவதுமாக நின்றேன். அப்படி ஒரு நேரம் என் ஆயுசில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

டீச்சர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டு, தாளை அப்பா கையில் கொடுத்தார்.

"தொடலியே டீச்சர்" என்று நான்தான் கேட்டேன்.

"தொடல. பந்தயத்துல நீங்க தோத்தாச்சு. அது கெடக்கட்டும்" என்றார். "நேத்து ஒரு வார்த்த பேசாம இருந்தா சீட்டு அவ கையில. திங்கக்கிழமை பூ வைக்க ஆளு வருது, அப்பா பல்லக் கடிக்காரு, நீங்க முறைக்கிய. அவ வளையத்தத்தான் பாத்தா. நான் ஆறு வருசமா அண்ணாந்து பாத்தும் எனக்குத் தெரியாதது அவ ஒரு சாட்டத்துல கண்டுட்டா. வெளியூர்ப் பிள்ளைக்கு எந்தக் காலேஜும் இடம் கொடுக்கும். இவள நான் விட்டா ஆவணில கல்யாணம்." பிறகு அவளைப் பார்த்து, "பந்து பிடிக்கத் தெரியாதுல்லா? நாளைக்கு அஞ்சரைக்கு வா. ஷூ இல்லாம வந்தா உள்ள விட மாட்டேன்" என்றார்.

முதல் வருஷம் அவள் பந்தைத் தவற விட்டதற்கு டீச்சர் ஊதிய விசில் மார்க்கெட் வரைக்கும் கேட்டது. இரண்டாம் வருஷம் அணி திருநெல்வேலியில் ஜெயித்து வந்தது. உயரத்தால் ஜெயித்தோம் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். வளையம் பத்தடிக்கு ஏறியதால் என்று டீச்சர் சொன்னார். இரண்டும் உண்மைதான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு நாள் டீச்சர் எனக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, தொட்டுட்டா" என்றார். நான் வேலைத்தளத்தில் கான்கிரீட் கலவைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

அவள் இப்போது போலீஸில் இருக்கிறாள், அங்கேயும் ஆடுகிறாள். டீச்சர் ஓய்வு பெற்று, வளைகுடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும் முன்பு, "இனியாவது அந்தத் துண்டுல பெயிண்ட அடிங்க அண்ணாச்சி, அசிங்கமா இருக்கு" என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல்வெட்டில் என் பேர் இருக்கிறதே, அது போல இதுவும் இருக்கட்டும்.

போன வாரம் அந்தப் புதுப் பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டு வந்தது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையிலேயே போனேன். அவளைக் கூப்பிட்டு, ஒட்டுப்போட்ட கதையை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு ஏணியில் ஏறி, டேப் நுனியை வளையத்தில் பிடித்துக்கொண்டு, மறு முனையைத் தரையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வருஷா வருஷம் சாரல் முடிந்ததும் நான் அளப்பது வழக்கம். வாசிக்கிறது மட்டும் இந்தத் தடவை அவள்.

"பத்தடிதானே தாத்தா? சரியாத்தான் இருக்கு" என்றாள், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து.

"என் மூஞ்சியப் பாக்காதட்டி. டேப்பப் பாத்துச் சொல்லு" என்றேன்.