பந்தலில் கிடார் வாசித்தவர்

கிடார் வாசிப்பவர்களில் உலகத்திலேயே பெரியவர் யார் என்பது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரிந்திருந்தது. என் மாமாதான். அம்மாவுக்குத் தம்பி. சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அதாவது, படிப்பதற்கென்று அனுப்பப்பட்டிருந்தார். விடுமுறைக்குக் கீழ்வேளூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வரும்போது காதை மறைக்கும் முடியும், தரையைக் கூட்டும் கால்சட்டையும், தோளில் ஒரு கிடாருமாக பஸ்ஸை விட்டு இறங்குவார். இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் அப்பாவுக்குப் பிடிக்காது. எனக்கு மூன்றுமே பிடிக்கும்.

மாமா தங்கும் அறையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. அதில் வெள்ளைக்காரர்களின் ராக் இசைத்தட்டுகளைப் போடுவார். வீட்டில் மற்றவர்களுக்கு அது இரைச்சல். அம்மா, "தம்பி, மில்லுல நெல்லு அரைக்கிற மாதிரி இருக்குடா" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார். நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருப்பேன். சுவரில் ஒரு கிடார்க்காரரின் படம் ஒட்டியிருந்தது. பின்பக்கமாக வளைந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்வலிக்காரர் போல முகத்தை வைத்திருந்தார்.

"எதை வச்சு மாமா ஒருத்தர் பெரிய கிடாரிஸ்ட்டுன்னு சொல்றது?" என்று ஒருநாள் கேட்டேன்.

மாமா யோசிக்கவே இல்லை. "வேகம்" என்று சொல்லி, மேலிருந்து கீழாகக் கம்பிகளின் மீது விரல்களை ஓடவிட்டுக் காட்டினார். அவ்வளவுதான், எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. மாமாவின் விரல்களைவிட வேகமாக ஓடும் விரல்கள் எங்கள் தாலுகாவில் இல்லை. உலகத்தில் இருக்கவும் வாய்ப்பில்லை.

அந்த வருஷம் தை அறுப்பு முடிந்த கையோடு அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்த அறுப்பு சுலபமாக முடியவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கள் வரப்பில் செங்கொடி நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து, போலீஸை நிறுத்தி வைத்து அறுத்தார். இன்னொரு பக்கம் நில உச்சவரம்புச் சட்டம். அதற்குப் பயந்து அப்பா வயல்களை யார் யார் பெயரிலோ எழுதிவைத்தார். என் பெயரிலும் எங்கேயோ ஒரு வயல் இருந்தது. எங்கே என்று எனக்குக் காட்டவில்லை. ஆனால் அப்பா ஆளும் கட்சியில் நீண்ட நாள் ஆள். மேடையில் பேச அழைத்தால் சமத்துவம் பற்றிக் கண் கலங்கப் பேசுவார். அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பேசும்போது அவர் நம்பித்தான் பேசினார்.

கொடி நட்டவர்களில் முதல் ஆளுடைய மனைவிதான் எங்கள் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்த அஞ்சம்மா. புருஷனை வயலில் இறங்கவிடாத அப்பா, அஞ்சம்மாவை மட்டும் நிறுத்தவில்லை. மாடுகள் அவர் குரலுக்குத்தான் அடங்கும். என் அம்மாவைவிட மூத்தவர். 'அவர்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது நான் உட்பட வீட்டில் எல்லோரும் "அஞ்சம்மா, இங்க வா" என்றுதான் கூப்பிடுவோம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் கொட்டகைப் பக்கம் போனேன். அஞ்சம்மா பசுவுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று அடக்க முடியாமல் இருந்தது.

"பாப்பா, நாளைக்குச் சாயங்காலம் கச்சேரியில கிடாரு வாசிக்கிறது யாரு தெரியுமா?"

"யாரு?"

"எம் மவன்." சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

அவருக்கு மாரிமுத்து என்று ஒரு மகன் இருப்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சின்ன வயதிலேயே நாகப்பட்டினத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துவிட்டார்களாம். அங்கே மாதா கோயிலில் பாதிரியார் வைத்திருந்த கிடாரில் பழகியிருக்கிறான். இப்போது மெல்லிசைக் குழுவில் மோகன் என்ற பெயரில் வாசிக்கிறான். எங்கள் வீட்டுக் கல்யாணம் என்றதும் வரவே மாட்டேன் என்றானாம். குழுக்காரர், வேறு ஆள் இல்லை, வந்தே ஆகவேண்டும் என்றுவிட்டாராம்.

"யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க பாப்பா. ஐயாவுக்குத் தெரிஞ்சா வம்பாயிடும்."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? மாட்டு மேல சத்தியம்" என்று பசுவின் நெற்றியில் கை வைத்தேன். அஞ்சம்மா கேட்காமல் நானாகச் செய்த சத்தியம் அது.

மறுநாள் காலையில் கல்யாணம் ஐயர் இல்லாமல், சீர்திருத்த முறையில் நடந்தது. கட்சிப் பேச்சாளர் ஒருவர் வந்து மாலை எடுத்துக்கொடுத்தார். சாதி ஒழிந்தால்தான் தமிழன் தலை நிமிர்வான் என்று அரைமணி நேரம் பேசினார். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். நானும் தட்டினேன்.

மெல்லிசைக் குழு நாலு மணிக்கு வேனில் வந்து இறங்கியது. அவர்களுக்குச் சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து, மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் பந்தியில் உட்காரவைத்து டிபன் போட்டார்கள். நான் மோகனைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒல்லியாக, நீலக் கோட்டு போட்டு, இலையைவிட்டுத் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். ஊரில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

வெயில் சாயும் நேரத்தில் கச்சேரி ஆரம்பித்தது. இரண்டு பாட்டு முடிந்ததும் மாமா தன் மரக் கிடாரோடு மேடையேறினார். ஏற்பாடு செய்ததே நான்தான். வந்தவர்களிடமெல்லாம் "எங்க மாமா வாசிக்கப் போறாங்க" என்று காலையிலிருந்து சொல்லிவைத்திருந்தேன். மாமா வேகமான ஒரு ராக் பாட்டை எடுத்தார். விரல்கள் பறந்தன. மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்தவில்லை. முடிந்தபிறகு, முடிந்துவிட்டது என்பதைப் புரிந்துகொண்டு சிலர் கைதட்டினார்கள். மாமா சிரித்துக்கொண்டே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்து குழுவின் பாடகி பாடினார். பதினெட்டு வயது இருக்கும். வந்ததிலிருந்தே இருமிக்கொண்டிருந்த பெண். பாட்டின் நடுவில் குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் தொண்டை கட்டி, சத்தமே வராமல் நின்றுவிட்டது. வாய் மட்டும் திறந்திருந்தது.

அப்போது மோகன் ஒரே ஒரு கம்பியைத் தொட்டார். தொட்டு, அதை விரலால் மெதுவாகத் தள்ளினார். பாடகி போக வேண்டிய இடத்துக்கு அந்தச் சத்தம் அழுத்தி அழுத்தி ஏறியது. அங்கே போய் நின்றது. பந்தலில் பேச்சு நின்றது. பாயசம் எடுத்துக்கொண்டு போனவர் வாளியோடு நின்றார். பிறகு அந்தச் சத்தம் இறங்கி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பாடகியின் காலடியில் அடுத்த வரியைக் கொண்டுவந்து வைத்தது. அவர் பாட்டை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி மோகனைப் பார்த்தார். தவறு நடந்தது என்றே யாருக்கும் தெரியவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துப் பந்தல் முழுக்கக் கைதட்டியது.

மாமா என் தோளை நசுக்கினார். "பாத்தியாடி? அந்தப் பொண்ணு விழுந்திருக்கும். தாங்கிப் பிடிச்சுட்டான். இவன்தான்டி கிடாரிஸ்ட்!"

"உங்களைவிடவா மாமா?"

"நானா?" மாமா வாய்விட்டுச் சிரித்தார். "நான் சும்மா விரலை ஆட்டுறேன். அவன் காதால வாசிக்கிறான்."

மாமாவுக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. முன் வரிசையில் இருந்த பெரியம்மா திரும்பி, "ஒன் மாமன் வாசிச்சப்ப ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கலை. இந்தப் பையன் ஒத்தைக் கம்பியில அத்தனை பேரையும் உக்கார வச்சுட்டானே" என்று கேலி செய்தார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அவரு ஒண்ணும் மோகன் இல்லை" என்றேன் சத்தமாக. "நம்ம மாட்டுக்கொட்டகை அஞ்சம்மாவோட மகன்."

அந்த வாக்கியம் வாயைவிட்டு வெளியே வந்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னது போல அல்ல. ஒரு குற்றத்தைச் சொன்னது போல. இப்படிச் சொன்னால் அந்த வாசிப்பின் மதிப்பு இறங்கிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்திருந்தது.

பெரியம்மா சிரிப்பை நிறுத்தினார். வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பந்தியில உக்காந்து சாப்ட்டானா?" என்றுதான் கேட்டார்.

செய்தி நாற்காலி வரிசைகளில் குனிந்து குனிந்து போவதை நான் பார்த்தேன். அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. அப்பா சத்தம் போடவில்லை. மேடைப் பக்கம் போய்க் குழுக்காரரைக் கூப்பிட்டார். குழுக்காரர் கைகளைக் கூப்பி ஏதோ சொன்னார். பிறகு மோகனின் காதில் குனிந்தார்.

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிடார் நின்றது. மோகன் ஒயரைப் பிடுங்கினார். அதை முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக, அவசரமே இல்லாமல், ஒரு சுற்றுகூட முறுக்கிக்கொள்ளாமல் சுற்றினார். கிடாரை உறையில் போட்டார். மேடையின் பின்பக்கமாக இறங்கி, எங்கள் ஆள் ஒருவன் காட்டிய கொல்லை வழியாகப் போனார். பாடகிதான் பாட முடியாமல் இரண்டு முறை நிறுத்தினார்.

மாமா அப்பாவிடம் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். "அத்தான், அவன் என்ன தப்பு செஞ்சான்?"

"சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்குறாங்க. மெதுவாப் பேசு" என்றார் அப்பா. "எங்க வரப்புல கொடி நட்டவன் மகன். அவனுக்குச் சந்தனம் குடுத்து, பந்தியில உக்காத்தி வச்சிருக்கேன். நாளைக்குத் தெருவே சிரிக்கும்."

"காலையில அவ்வளவு கைதட்டினீங்களே அத்தான்."

அப்பா சம்பந்தி வீட்டாரைக் கவனிக்கப் போய்விட்டார். குழுக்காரர் மாமாவிடம் வந்து, கிடார் இல்லாமல் பாட்டு எடுபடாது, நீங்களாவது வாசியுங்கள் தம்பி என்று கெஞ்சினார். நான் எதிர்பார்த்திருந்த நேரம் இதுதான். மாமா தன் கிடாரைத் தொடவே இல்லை. என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எப்படிடி தெரியும்?" என்று மட்டும் கேட்டார். நான் பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிந்ததும் அவர் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டார்.

அன்று காலையில் அம்மா என்னைக் கொல்லைக்கு அனுப்பினார். எச்சில் இலைகளை எருக்குழியில் கொட்டச் சொல்லி அஞ்சம்மாவிடம் சொல்ல வேண்டும். அவர் ஏற்கெனவே அள்ளிக்கொண்டிருந்தார். நான் தூரத்திலேயே நின்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"பாப்பா."

நின்றேன்.

"அவன் எப்படி வாசிச்சான்?"

கோபமே இல்லாத குரல். நன்றாக வாசித்தார் என்று சொன்னால், பிறகு ஏன் நிறுத்தினார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கப்புறம், யார் சொன்னது என்று வரும். சுமார் என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடியும். அவருக்கும், பாதியில் இறக்கியது அவ்வளவு வருத்தமாக இருக்காது. இத்தனையும் அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது.

"சுமாராத்தான் வாசிச்சாரு" என்றேன். "மாமாதான் நல்லா வாசிச்சாங்க."

அஞ்சம்மா கையிலிருந்த இலைகளோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்படியா பாப்பா" என்றார். "சின்னையாவுக்கு நல்ல கைதான்." மறுபடி குனிந்துகொண்டார்.

நான் வீட்டுக்குள் ஓடினேன். தப்பித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அஞ்சம்மாவுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை என்று நினைத்தேன். இரண்டு நாளில் கொட்டகைக்குப் போய்ப் பழையபடி அவரோடு பேசவும் செய்தேன்.

பந்தலின் நாலு மூலையிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்ன, அதற்கும் அப்பால் அறுத்துக் கிடந்த வயல்வரைக்கும் அன்று பாட்டுக் கேட்டிருக்கும். மகன் அந்த ஒற்றைக் கம்பியைத் தள்ளியதையும், பந்தல் கைதட்டியதையும், எந்த வரியில் கிடார் நின்றது என்பதையும் அஞ்சம்மா கேட்டிருப்பார். அந்த ரகசியம் எங்கள் வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். வாசிப்பைப் பற்றி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு எதுவுமே இல்லை. அப்புறம் எதற்காகக் கேட்டார் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.