ஆருக்கு இந்தக் கணவாய்

தீபாவளி வருகிறது என்றாலே பாலேஸ்வரிக்கு எரிச்சல்தான். அதற்கு முதல் நாள் அந்த வீட்டில் உலை வைப்பது உயிரோடிருப்பவர்களுக்காக அல்ல. செத்துப்போனவர்களுக்கு ஆளுக்கொரு இலை போட்டு, அவரவர் ஆசையாய்ச் சாப்பிட்டதைப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்க வேண்டும். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்களாம். கல்யாணமாகி அச்சுவேலிக்கு வந்த வருசத்திலிருந்து இந்தச் சமையல் அவள் தலையில்தான்.

மாமனாருக்கு மிளகு தூக்கலாக ஆட்டிறைச்சி. அந்த மனுசன் உப்புக் கூடினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிறவர்; செத்தும் அவளை விட்டபாடில்லை. மாமியாருக்கு முருங்கையிலை வறை. செல்குண்டு விழுந்து செத்த கொழுந்தனுக்குத் தட்டைவடை. சண்டையென்று அரசாங்கம் எண்ணெய்க்குத் தடை போட்டிருக்கிற காலத்தில் வடை சுட எங்கே போவது என்று அந்தப் புண்ணியவான் கேட்கவா போகிறான்?

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுத் தீபாவளிக்கு முதல் நாள் காலை, புருசன் தியாகராசா சந்தையிலிருந்து வந்தார். சைக்கிளில் தொங்கிய பனையோலைப் பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனார். இறைச்சியை எடுத்தாள். அதன் அடியில் கணவாய் மீன் கிடந்தது.

அந்த வீட்டுச் செத்தவர்களில் ஒருவருக்கும் கணவாய் பிடிக்காது. கணவாய் என்றால் உயிரை விடுகிறவன் ஒருத்தன்தான், அவள் மகன் குகநேசன். கொழும்புக்குப் போகிறேன் என்று ஆனி மாதம், தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால், கிளாலிக் கரையில் வள்ளம் ஏறினவன். அன்று கடலில் நேவி சுட்ட வெடிச்சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். சில உடல்கள் கரைக்கு வந்தன. அவனும் வரவில்லை, அவன் உடலும் வரவில்லை.

இந்த மனுசனுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அதுதான் பயம். கேட்காமல் இருக்கும் வரைக்கும் பிள்ளை எங்கேயோ உயிரோடிருக்கிறான். வாயை மூடிக்கொண்டு கணவாயைக் கழுவினாள், வெட்டினாள், அடுப்பில் வைத்தாள். மேலே விமானம் ஒன்று சுற்றியது. அயலெல்லாம் பதுங்குகுழிக்கு ஓட, இவள் அகப்பையும் கையுமாய் அடுப்படியிலேயே நின்றாள். குண்டு பயமெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

பின்னேரம் தியாகராசாவின் தமக்கை பூரணம் உதவிக்கு வந்தாள். வாழையிலையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“பிள்ளை, குகனுக்கும் ஒரு இலை வெட்டினனான்.”

“வாயைக் கழுவுங்கோ மச்சாள்! அவன் செத்தவனெண்டு ஆர் சொன்னது?”

“அக்காவோடை கோவியாதையும்,” என்றார் வாசலில் நின்ற தியாகராசா. “நான்தான் வெட்டச் சொன்னனான்.”

இனிக் கேட்காமல் தப்ப வழியில்லை.

“செய்தி வந்ததோ? எனக்கு ஒளிக்கிறியளோ?”

“ஒரு செய்தியும் இல்லையப்பா, சத்தியமா.” அவர் வாசல்படியில் குந்திவிட்டார். “ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு. அவன் இல்லையெண்டால்? ஐயா, அம்மா எல்லாரும் உள்ளை வந்து சாப்பிடேக்கை, என்ரை பிள்ளை மட்டும் இலையில்லாமல் பசியோடை நிண்டால்?”

“இலை போட்டால் நாங்களே அவனைச் சாக்காட்டின மாதிரி!”

“பசியோடை விடுறதோ?”

பூரணம் அடுப்பில் திரும்பச் சூடேறிக்கொண்டிருந்த கணவாய்ச் சட்டியைத் தூக்கக் கை நீட்டினாள். பாலேஸ்வரி அவளை முந்திக்கொண்டாள். கொதிக்கிற சட்டிக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டாள். படையல் சாப்பாட்டில் உப்புக்கூடப் பார்க்கக்கூடாது. ஒருவர் வாய் வைத்தால் எச்சில், இலைக்கு ஆகாது. அது தெரிந்துதான் செய்தாள். நாக்கும் விரலும் வெந்துபோயின.

“ஐயோ, எச்சிலாக்கிப் போட்டியே!” பூரணம் தலையில் கைவைத்தாள்.

“ஓம், ஆக்கிப்போட்டன். என்ரை பிள்ளை வந்து கோப்பையிலை சாப்பிடுவான். அவனுக்கு இலை வேண்டாம்.”

தியாகராசா மகனுக்கு வெட்டின இலையை எடுத்து ஒதுக்கி வைத்தார். மற்றவர்களுக்கு மட்டும் இலை போட்டுப் படைத்தார்கள். சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து இருந்தார்கள். பாலேஸ்வரிக்கு முதலில் நெஞ்சு நிறைந்திருந்தது. பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்றிருந்தது. கொஞ்ச நேரம் போகத்தான் வெந்த நாக்கில் கணவாயின் உறைப்புத் தெரிந்தது. அவனுக்கென்று தகப்பன் வாங்கிவந்த சாப்பாடு. அதை அவளே தின்றுவிட்டாள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள். “உண்மையாவே அவனும் அவையளோடை வந்திருந்தால்?”

அவர் அவளுடைய வெந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“நேரமாச்சு, கதவைத் திறவுங்கோவன்,” என்றாள் பூரணம்.

இரண்டு பேரும் கதவையே பார்த்தபடி இருந்தார்கள். ஒருவருக்கும் எழும்பத் துணிவு வரவில்லை.