சாம்பலை இழுத்த நீலக்கல்

தண்ணீருக்குத் தோண்டிய கிணற்றில் கல் வந்தது. வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை இறங்கி வந்து நிற்கிற இடத்தில் அண்ணனுக்கு ஒரு கரும்புக் கொல்லை. தண்ணீரில்லாமல் கரும்பின் சோகை இலைகள் காய ஆரம்பித்திருந்தன. வெடி வைத்து வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார். அடியில் கரும்பாறையைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. அதற்குள் விரல் நீளத்தில், நெடுக வரி ஓடிய ஒரு கல். குறுக்கே வெயிலில் பிடித்தால் நீலம். நுனிவழியே பார்த்தால் கறுப்பு.

டூர்மலின். எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லைப் பற்றி எது கிடைத்தாலும் அந்த வயதில் படிப்பேன். உருகிய பாறை ஆறி இறுகும்போது மற்ற கனிமங்கள் சேர்த்துக்கொள்ளாத போரானும் லித்தியமும் மிச்சக் குழம்பின் நீரோடு வெடிப்புகளில் ஏறுகின்றன. போக வழியின்றி அங்கேயே மெல்லக் குளிர்ந்து படிகமாக நீள்கின்றன. கொஞ்சம் இரும்பு கலந்தால் நீலம். வரப்பில் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணி அதைக் கழுவி, பூஜைத் தட்டில் விபூதியோடு வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். சூட்டில் விபூதித் தூள் எழும்பிக் கல்லின் முனைகளில் ஒட்டியது.

“இனிமே அங்க வெடி வெக்காதீங்க. சாமி குந்திக்கினு இருக்குது,” என்றார் அண்ணனிடம்.

தோண்டுகிற இடத்தில் சாமி தெரிந்தால் எங்கள் பக்கம் அதற்குமேல் கடப்பாரை போடமாட்டார்கள். அண்ணன் வெடிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணி, இது கல்லோட குணம்ங்க. சூடு பட்டா ரெண்டு முனையிலயும் மின்சாரம் ஏறும். எந்தத் தூளா இருந்தாலும் இழுக்கும்.”

“இன்னா தம்பி, சாமியப் போயி கரண்டு கம்பின்றீங்க?”

கல்லைத் தோசைக்கல்லில் இளஞ்சூடாக்கி அடுப்புச் சாம்பலுக்கு மேலே பிடித்தேன். சாம்பல் ஏறி ஒட்டியது.

“பாருங்க, விபூதி இல்ல. வெறும் சாம்பல்.”

அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “என் அடுப்பாண்டயே வந்துட்டாரு!”

அண்ணன் சிரித்துவிட்டார். “நல்லா புரிய வெச்சடா. இனிமே அடுப்பையும் இடிக்க முடியாது. கரும்புக்கு இன்னா பண்றது?”

அண்ணி கொல்லையைப் பார்த்தபடி நின்றார். காய்கிற கரும்பு அவரும் சேர்ந்து நட்டதுதான். “சாமி மேல கை வெக்காதீங்க. பக்கத்துல தொள போடுங்க.”

வெள்ளைப் பட்டையை விட்டு விலகிக் கிணற்றுச் சுவரில் படுக்கைவாட்டில் துளையிட்டு சைடு போர் போட்டோம். ஒரு துளையில் மட்டும் விரல் பருமனுக்குத் தண்ணீர் வந்தது. பாதிக் கொல்லை பிழைத்தது. மலைப் பக்கத்துப் பாதியை வெட்டி மாட்டுக்குப் போட்டோம்.

அந்தப் பட்டைக்குக் கீழே ஊற்று இருந்ததா? இப்படிப்பட்ட பட்டைகளில் வெடிப்பு ஜாஸ்தி, வெடிப்பில்தான் தண்ணீர் ஓடும் என்றும் படித்திருந்தேன். இந்த வயதிலும் ஊருக்குப் போனால் பை வைத்த கையோடு கிணற்றுக்குப் போய்விடுகிறேன். அண்ணி பின்னாலேயே வருவார்.

“உள்ள எறங்கிடாதீங்க தம்பி.”

“இல்லைங்க அண்ணி,” என்கிறேன். கால் படியைத் தேடிக்கொண்டிருக்கிறது.