ஆப்பக்கார அக்காவின் கல்

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, ரயில்வே சுவரை ஒட்டி ஏழு தள்ளுவண்டிகள் நிற்கும். எண்பதுகளின் தொடக்கம் அது. மீட்டர் கேஜில் சின்ன ரயில் ஓடிய காலம். ஏழில் கூழ் வண்டி எங்களுடையது. என் அம்மா கரைக்கிற கேழ்வரகுக் கூழுக்கு அந்தப் பக்கத்தில் ஈடு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. பொழிச்சலூரிலிருந்து வருகிற கொத்தனார்கள் வழியில் இரண்டு கூழ் வண்டிகளைத் தாண்டி வந்து எங்கள் அம்மாவிடம்தான் சொம்பு வாங்கிக் குடிப்பார்கள்.

குடிக்க மட்டும் வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பின்னால் ரயிலில் வருகிற பெண்டாட்டிக்கு வீட்டுச் சாவியை எங்கள் வண்டியில் விட்டுவிட்டுப் போவார் ஒருவர். பள்ளிக்கரணைப் பக்கம் எங்கே கட்டட வேலை நடக்கிறது, யார் மேஸ்திரி என்பதெல்லாம் இட்லி வண்டியில் விசாரித்தால் தெரியும். ரோட்டில் யாராவது மயங்கி விழுந்தால் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பது ஏழு வண்டிக்காரர்களில் ஒருவராகத்தான் இருக்கும்.

அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் சரிவு. வண்டி உருளாமல் இருக்கச் சக்கரத்தின் அடியில் ஒரு கல்லை முட்டுக் கொடுப்போம். வியாபாரம் முடிந்து வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கல்லை அங்கேயே விட்டுவிடுவோம். ஒருவருடைய கல் கிடக்கிற இடத்தில் இன்னொருவர் வண்டியை நிறுத்தமாட்டார். ஒரு நாள் வராவிட்டாலும் சரி, மூன்று மாதம் வராவிட்டாலும் சரி. மற்றவர்களுக்குப் பட்டா காகிதத்தில் இருக்கும். எங்களுக்கு அந்தக் கல்தான் பட்டா.

வரிசையில் நிழல் விழுகிற இடம் ஒன்றே ஒன்று, தூங்குமூஞ்சி மரத்தடி. அது ஆப்பக்கார அக்காவின் இடம். அவளுடைய ஸ்டவ் காற்றில் அணையாமல் எரிய அந்த மரத்தின் மறைப்பு வேண்டும். அக்கா பிரசவத்துக்கு உத்திரமேரூர்ப் பக்கம் தாய்வீடு போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியும் திரும்பவில்லை. அவளுடைய கல் மட்டும் மரத்தடியில் கிடந்தது. அதற்கு நாலடி தள்ளி, சித்திரை வெயிலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு என் அம்மா நின்றாள். பத்து மணிக்கெல்லாம் கூழ் நுரைத்துப் புளித்துவிடும். மிச்சத்தைக் கீழே கொட்டிவிட்டு அண்டாவைக் கழுவும்போது அம்மா யாரிடமும் பேசமாட்டாள்.

எனக்கு ஒன்பது வயது. கல்லுக்கு நிழல், அம்மாவுக்கு வெயில், இது என்ன நியாயம் என்று தோன்றியது.

ஒரு நாள் காலையில், மற்ற வண்டிகள் வருவதற்கு முன்னால், அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். நான் அந்தக் கல்லைக் காலால் உருட்டிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் தள்ளினேன். அம்மா வந்ததும், ஆப்பக்கார அக்கா வந்து கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னேன். வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலையாம், இனிமேல் வரமாட்டாளாம் என்று நானாகவே கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். அம்மா இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் மாறாமல் சொன்னேன். அப்படியும் அவளுக்கு மனசு வரவில்லை. காலி இடத்தை எத்தனை நாள் வைத்திருப்பது, நீயே போட்டுக்கொள் என்று இட்லி வண்டி மாமா சொன்ன பிறகுதான் வண்டியை மரத்தடிக்குத் தள்ளினாள்.

இரண்டு வாரம் நிழலில் இருந்தோம். கூழ் புளிக்கவில்லை, ஒரு சொம்புகூடக் கீழே போகவில்லை. எனக்குத் துளி வருத்தமும் இருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு காலை ஆப்பக்கார அக்கா வந்தாள். பழைய புடவையால் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஒரு கையால் அதன் தலையைப் பிடித்தபடி மறு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மரத்தடியில் எங்கள் வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, என் கல்லு எங்க?"

சண்டைக்காரியின் குரல் இல்லை அது. அவளே மேலே பேசினாள். "வூட்டுக்காரு காலு ஒடைஞ்சு படுத்துகினு கீறாருக்கா. இந்த எடத்த நம்பித்தான் கைக்கொயந்தைய தூக்கினு வந்துட்டேன். காத்துல அடுப்பு நிக்காதுக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரயிலைப் பார்த்தேன். இட்லி மாமாவின் கரண்டி நின்றுவிட்டது.

"நாந்தான் தூக்கிப் போட்டுட்டேன்," என்றாள் அம்மா. "நீ வரமாட்டேன்னு நெனச்சிட்டேன். மனசுல வெச்சுக்காத."

பழியை அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டதும் எனக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அம்மா எங்கள் வண்டியைப் பழைய இடத்துக்கு இழுத்தாள். எங்கள் கல்லைக் கொண்டுபோய் அக்காவின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். இப்போது எங்கள் வண்டிக்குக் கல் இல்லை. இட்லி மாமா எட்டிப் பார்த்தார்.

"கல்லு ஒண்ணு கொண்டாரட்டாம்மா?"

"வாணாம்ணா. கல்லு இதோ நிக்குது."

என்னைத் தோளைப் பிடித்து அழுத்திச் சக்கரத்தின் சரிவுப் பக்கம் உட்காரவைத்து, முதுகைக் கொடுக்கச் சொன்னாள். அன்றைக்கு வியாபாரம் முடிகிற வரைக்கும் நான்தான் முட்டு. அண்டா நிறையக் கூழோடு அந்த வண்டி என்ன கனம் கனத்தது என்று என் முதுகைக் கேட்டால் தெரியும். ஆனால் ஒவ்வொரு சொம்பாகக் குறையக் குறைய வண்டி லேசானது. அதுவரைக்கும் வாடிக்கைக்காரர்களை நான் மனிதர்களாகவே கவனித்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொருவரும் இன்னொரு சொம்பு குடிக்கவேண்டுமே என்று அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் டிரைவர் மூன்று சொம்பு குடித்தார். அவர் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கட்டும்.

வரிசை முழுக்க என் பெயர் அன்றைக்குக் கல்லு. "இன்னா கல்லு, பசிக்குதா?" என்று இட்லி மாமா நடு ரோட்டில் நின்று உரக்கக் கேட்டு, இலையில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தார். டீ வண்டிக்காரர் வந்து, கல்லு டீ குடிக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பதால் கேலி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்டா அடி தெரிகிற நேரத்தில் மரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேலாக ஆப்பம் இல்லாமல் இருந்தவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். குழந்தை வீறிட்டது. அக்கா ஸ்டவ்வைத் தணித்துவிட்டு நேராக என்னிடம் வந்து, குழந்தையை என் மடியில் வைத்தாள்.

"செத்த நேரம் வெச்சுக்க கண்ணு," என்றாள். வாயோரத்தில் ஒரு சிரிப்பு. "நீதான் எங்கயும் எந்திரிச்சிப் போவ முடியாதே."

குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டது. அக்கா அங்கே ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கல்லை எடுத்தது யார் என்று தெரிந்திருந்தால் பெற்ற பிள்ளையை இப்படி என் மடியில் போட்டுவிட்டுப் போவாளா? பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று அவளுக்காக நான் இரக்கப்பட்டேன்.